காரணத்துக்கு மூன்று கேள்வி

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘கூற்று – காரணம்’ என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. மேலே ஒரு கூற்று இருக்கும், கீழே ஒரு காரணம் இருக்கும். இரண்டும் சரியா, இரண்டில் ஒன்று தவறா, இரண்டும் சரியென்றால் காரணம் கூற்றை விளக்குகிறதா இல்லையா என்று பார்த்து விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம். கூற்று: பல்லவர் காலத்தில் காஞ்சிபுரம் கல்விக்குப் பேர்பெற்றிருந்தது. காரணம்: காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறார்கள். இரண்டு வரியும் உண்மைதான். ஆனால் இரண்டாவது வரிக்கும் முதல் வரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாடத்தை வரி விடாமல் படித்து வந்த பிள்ளை இந்த இடத்தில்தான் தடுக்கி விழும். இரண்டு வரியையும் புத்தகத்தில் பார்த்த நினைவு இருக்கும். பார்த்தது சரி, ஆகவே விடை சரி என்று முதல் கட்டத்தில் குறியிட்டுவிடும். உண்மையான ஒரு வாக்கியம் காரணம் என்ற இடத்தில் வந்து உட்காரும்போது செல்லாமல் போகலாம் என்பதைத் தனியாகக் கற்றுக்கொடுத்தால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். தானாக வருவதில்லை.

இதை இன்று ‘விமர்சனச் சிந்தனை’ என்கிறார்கள். பள்ளியில் சொல்லித்தர வேண்டிய ஒரு திறன் என்று இதற்கு உலக அளவில் பேர் வாங்கித் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. எப்படிச் சிந்திக்கிறோம் என்பதைப் பற்றிய அவருடைய நூல் 1910இல் வந்தது. நம் ஊர்ப் பயிலரங்குகளிலும் அங்கிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். டூயி பெரிய ஆசிரியர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு காரணத்தைக் கையில் எடுத்து, இது செல்லுமா செல்லாதா என்று பார்க்கும் முறை, மாணவருக்குப் பாடமாக நடத்தக்கூடிய வடிவத்தில், அவருக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதைக் கட்டி எழுப்பியவர் காஞ்சிப் பக்கத்துக்காரர். அதைத் தமிழில் ஒரு பெண்ணுக்குப் பாடமாகச் சொன்ன காட்சி நடப்பதும் காஞ்சியில்தான். காஞ்சியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

அவர் பெயர் திக்நாகர். ஏறத்தாழ கி.பி. 480 முதல் 540 வரை வாழ்ந்தவர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. காஞ்சிக்கு அருகே சிம்மவக்திரம் என்ற ஊரில் அந்தணர் குடும்பத்தில் பிறந்தார் என்று திபெத்திய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் புஸ்தோனும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாரநாதரும் எழுதி வைத்தவை இவை. பிற்காலத்தவர் கேட்டு எழுதிய மரபுக் கதைகள் என்ற அளவில்தான் இவற்றை ஏற்க வேண்டும். ஆனாலும் அவர்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட மனம் வரவில்லை.

இளைஞரான திக்நாகர் பௌத்த சங்கத்தில் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த ஆசிரியர் நாகதத்தர் வாத்சிபுத்திரீயப் பிரிவைச் சேர்ந்தவர். உடலும் மனமும் சேர்ந்த இந்தக் கூட்டுக்குள் ‘ஆள்’ என்று ஒன்று உண்டு, அது இந்தக் கூட்டும் அல்ல, கூட்டுக்கு வேறானதும் அல்ல, சொல்லில் அடங்காதது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அதைத் தேடிக் கண்டுபிடி என்று ஆசிரியர் சொன்னார். மாணவர் தேடினார். பகலில் அறையின் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார். இரவில் நாலு பக்கமும் விளக்கேற்றினார். ஆடையைக் களைந்துவிட்டுத் தலை முதல் கால் வரை தன்னையே பார்த்தார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஆசிரியர் கேட்டதற்கு, நீங்கள் சொன்ன பொருளைத் தேடுகிறேன், அகப்படவில்லை. இருட்டோ துணியோ மறைக்கிறதோ என்று பார்த்தேன் என்றாராம். தன் கொள்கையைக் குத்திக் காட்டுகிறான் என்று ஆசிரியருக்குப் புரிந்தது. மடத்தைவிட்டு வெளியேற்றிவிட்டார்.

கேள்வி கேட்டதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவர் அவர் என்று இந்தக் கதையைப் படிக்கலாம். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். அவர் ஆசிரியரோடு வாக்குவாதம் செய்யவில்லை. சொன்ன பொருள் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். பின்னாளில் அவர் வகுத்த முறையின் முதல் கேள்வியே இதுதான்.

வெளியேறியவர் வடக்கே போய்ப் பௌத்த அறிஞர் வசுபந்துவிடம் பயின்றார் என்பது மரபு. அந்தக் காலத்தில் வாதத்துக்கு ஏற்கெனவே ஒரு சட்டகம் இருந்தது. நியாய மரபினர் ஒரு வாதத்தை ஐந்து உறுப்பாகப் பிரித்திருந்தார்கள்: நிறுவப்போவதைச் சொல்லுதல், காரணம், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டைப் பேசுபொருளோடு பொருத்துதல், முடிவு. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையில் பார்ப்பதுபோல, இந்த மலையிலும் அப்படிப் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு. நல்ல காரணத்துக்கு மூன்று இலக்கணம் வேண்டும் என்ற எண்ணமும் திக்நாகருக்கு முந்தைய தலைமுறையிலேயே பேசப்பட்டதுதான். அவர் செய்த வேலை அந்த மூன்றையும் முழுமையாக நெருக்கிப் பார்த்து, எந்தச் சந்தும் விடாமல் ஒரு கட்டத்தில் அடைத்தது.

மூன்று கேள்விகள் இவை. காரணமாகச் சொன்னது, பேசும் பொருளில் உண்மையிலேயே இருக்கிறதா? முடிவு பொருந்துகிற மற்ற இடங்களில் அந்தக் காரணம் காணப்படுகிறதா? முடிவு பொருந்தாத இடங்களில் அது அறவே இல்லாமல் இருக்கிறதா?

முதல் கேள்வி எல்லோருக்கும் தோன்றும். இரண்டாவது பலருக்குத் தோன்றும். மூன்றாவது கேள்வி பழகாதவருக்குத் தோன்றாது. மனிதர் ஏமாறுகிற இடமும் அதுதான். இரண்டாவது கேள்விக்கு ‘எல்லா இடத்திலும் உண்டு, எங்குமே இல்லை, சில இடத்தில் உண்டு’ என்று மூன்று விடைகள் சாத்தியம். மூன்றாவதற்கும் அதே மூன்று. பெருக்கினால் ஒன்பது. திக்நாகர் ஒன்பதையும் வரிசையாக அடுக்கி ‘ஏதுச் சக்கரம்’ என்ற சிறு நூலாக்கினார். ஏது என்றால் காரணம். ஒன்பதில் செல்லுபடியாகும் காரணம் இரண்டே இரண்டு. இரண்டு, நிறுவ வந்ததற்கு நேர்மாறானதை நிறுவிவிடும். மீதி ஐந்து, ஒரு பக்கமும் சாயாமல் தொங்கும்.

காஞ்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மலையும் புகையும் வேண்டாம், ஜவுளிக்கடை போதும். ‘இந்தச் சேலையில் இருப்பது அசல் ஜரிகை’ என்று ஒருவர் சொல்கிறார். காரணம் கேட்டால், மின்னுகிறது பாருங்கள் என்கிறார். மின்னுவது உண்மை, எனவே முதல் கேள்வி தேறிவிட்டது. அசல் ஜரிகைச் சேலைகள் மின்னும், இரண்டாவதும் தேறிவிட்டது. போலி ஜரிகை மின்னாதா? அதுவும் நன்றாகவே மின்னும். மூன்றாவதில் காரணம் விழுந்தது. சேலை போலி என்று இதற்குப் பொருள் கிடையாது. மின்னுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது மட்டுமே பொருள். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து விலையைக் காட்டுகிறார். அசலில் சில விலை கூடியவை, சில அவ்வளவு இல்லை. போலியிலும் ஏமாற்றி விலை கூட்டி விற்கப்படுபவை உண்டு. இதுவும் தொங்கும் காரணம்தான். மூன்றாவதாக, நெசவுத் தெருவில் வழக்கமாகச் செய்வதைச் செய்து காட்டுகிறார். ஜரிகை இழையைச் சுரண்டுகிறார், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறது. அசல் ஜரிகையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவார்கள் என்பதால் இது முந்தைய இரண்டைவிட வலுவான காரணம். ஆனாலும் வேறு நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிப் போலி செய்ய எவ்வளவு நேரமாகும்? சக்கரத்தில் இது மூன்றாம் கட்டம்: அசல் எல்லாவற்றிலும் உண்டு, போலியில் சிலவற்றிலும் உண்டு. இன்னும் சந்து இருக்கிறது. இழையைக் கருவியில் வைத்து, வெள்ளியும் தங்கமும் உரிய விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்துச் சொன்னால்தான் காரணம் நிற்கும். அந்த அளவு போலியில் இருக்க வழியில்லை.

நேர்மாறாகப் போகும் காரணமும் உண்டு. இழையின் நுனியை நெருப்பில் காட்டினேன், பிளாஸ்டிக்போல உருகிச் சுருண்டது, ஆகவே அசல் என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டிய காரணமே அவரைக் கவிழ்த்துவிடுகிறது. இன்னொரு விசித்திரமான கட்டமும் இருக்கிறது. உலகத்தில் இந்த ஒரு சேலையில் மட்டும் இருக்கும் ஒரு மஞ்சள் கறையைக் காட்டி, ஆகவே அசல் என்றால்? வேறெந்த அசலிலும் அந்தக் கறை இல்லை, எந்தப் போலியிலும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கிடைக்காது. எங்கள் குடும்பம், எங்கள் ஊர், எங்கள் காலம் தனி என்று நாம் காட்டும் காரணங்களில் பல இந்தக் கட்டத்தில்தான் வந்து விழுகின்றன. ஐந்தாவது கட்டமாக இதையும் ஒதுக்கி வைத்த அந்த மனிதரின் பொறுமையை நான் வியக்கிறேன்.

திக்நாகரின் பெருநூல் ‘பிரமாண சமுச்சயம்’. அதன் தொடக்கப் பாடலை ஒரு குகைச் சுவரில் எழுதிவிட்டு அவர் பிச்சைக்குப் போனதாகவும், மாற்றுச் சமயத்தார் ஒருவர் வந்து அதை அழித்ததாகவும் ஒரு கதை உண்டு. மறுபடி எழுதினார், மறுபடி அழிந்தது. கடைசியில் பாட்டின் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தாராம்: விளையாட்டுக்கு அழித்தால் அழிக்காதீர்கள், இது அரியது, தவறு என்று நினைத்து அழித்தால் நேரில் வாருங்கள், பேசுவோம். அழித்தவர் வந்தார், வாதம் நடந்தது.

நடந்ததோ இல்லையோ, அந்தக் குறிப்பின் உணர்வு அவர் நூல்களுக்குப் பின்னால் நேர்ந்ததோடு பொருந்திப் போகிறது. பிரமாண சமுச்சயத்தின் வடமொழி மூலம் முழுமையாக நம் கைக்கு வரவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பில் நூல் தங்கியது. மூல வாக்கியங்கள் பலவற்றை நாம் அறிவது அவரை மறுத்து எழுதியவர்களால். நியாய மரபின் உத்தியோதகரரும் மீமாம்சை மரபின் குமாரிலரும் அவர் சொன்னதை எடுத்துப் போட்டு வரிக்கு வரி மறுத்தார்கள். மறுப்பதற்கு முன்னால் எதிராளி சொன்னதைத் திரிக்காமல் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கம் அந்தப் பள்ளிகளில் இருந்தது. ஒரு கட்டுரையை மாணவன் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டால், இதையே முதலில் சொல்வேன்.

காஞ்சி அப்போது படிப்புக்காக ஊர்விட்டு ஊர் தேடி வரும் இடமாக இருந்தது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாவில் 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மயூரசர்மன் என்ற இளைஞர் தன் குருவான வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்கப் போனதை அது சொல்கிறது. அங்கே பல்லவக் குதிரைவீரனோடு தகராறாகி, படிப்பை விட்டு வாளை எடுத்து, கடம்ப அரசை நிறுவினார். கடிகை என்பது உயர்கல்விக்கூடம். 8ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசு வாரிசு இல்லாமல் நின்றபோது, புதிய அரசனைத் தேடிப் போன குழுவில் கடிகையாரும் இருந்தார்கள். அப்படி 12 வயதில் வந்தவர்தான் இரண்டாம் நந்திவர்மன். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவரில் இந்தக் கதையைச் சிற்பமாகவும் எழுத்தாகவும் இன்றும் பார்க்கலாம். கல்விக்கூடத்துக்கு அரசியலில் அவ்வளவு செல்வாக்கு. ஆனால் அந்தக் கதவு அந்தண ஆண்களுக்கு மட்டுமே திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அதன் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

பௌத்தப் பள்ளிகள் அதே ஊரில் வேறு பக்கம் இருந்தன. 640ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சியைப் பற்றி எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், நூறு சங்காராமங்களும் (பௌத்த மடங்களும்) பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறிக்கிறார். நாளந்தாவின் தலைவராக இருந்த தருமபாலர் பிறந்த ஊர் இது என்றும் சொல்கிறார். தருமபாலரின் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். தருமபாலரை வாதத்துக்கு அழைத்துத் தென்னாட்டிலிருந்து ஒருவர் வந்தபோது, நான் போகிறேன் என்று முப்பது வயதுச் சீலபத்திரர் எழுந்து நின்றதை அந்தச் சீனத் துறவி எழுதி வைத்திருக்கிறார். நாளந்தாவின் வாசலிலேயே கடினமான கேள்விகள் கேட்பார்கள், பத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போவார்கள் என்றும் எழுதுகிறார். நுழைவுத் தேர்வு நமக்குப் புதிதல்ல.

திக்நாகரின் முறையைப் பாடப்புத்தகமாக்கியவர் சங்கரசுவாமி. ‘நியாயப்பிரவேசம்’ என்ற அந்தச் சிறுநூல் தொடக்க மாணவருக்கானது. தவறுகளைத்தான் அது விரிவாகச் சொல்லித் தருகிறது. நிறுவ வந்த கூற்றில் வரும் பிழைகள் 9, காரணத்தில் வரும் பிழைகள் 14, எடுத்துக்காட்டில் வரும் பிழைகள் 10, ஆக 33. யுவான் சுவாங் 647இல் இதைச் சீனத்தில் பெயர்த்தார். அவருடைய மாணவர்கள் உரை எழுதினார்கள். அங்கிருந்து ஜப்பானின் நாரா நகரத்து மடங்கள் வரை இந்தப் படிப்பு போயிற்று.

இதே 33 பிழைகளும் தமிழில் இருக்கின்றன. மணிமேகலையின் 29ஆம் காதையில், ஏறத்தாழ அதே வரிசையில், பல இடங்களில் அதே எடுத்துக்காட்டுகளோடு. காப்பியத்தின் காலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டுவருகிறார்கள். திக்நாகருக்கு முந்தியது என்றார் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார். நியாயப்பிரவேசத்தை அறிந்தே காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் எழுதினார் என்பவர்கள் பலர். ஒப்புமையைப் பார்க்கும் எவருக்கும் இரண்டாவது கருத்தின் பலம் தெரியும். நானும் அந்தப் பக்கம்தான்.

யாருக்கு அந்தப் பாடம் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாதவியின் மகளுக்கு. கணிகையர் குலத்தில் பிறந்த இளம்பெண்ணுக்கு. எந்தக் கடிகையும் அவளை வாசற்படி ஏறவிட்டிருக்காது. காப்பியத்துக்கே அது தெரியும். வஞ்சி நகரத்தில் பல சமயத்து ஆசிரியர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்க அவள் விரும்பும்போது, இளையவள், பெண் என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆண் துறவியாக வடிவம் மாறித்தான் போகிறாள். அளவைவாதி, சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரையும் கேட்கிறாள். கண்ணால் காண்பதை மட்டுமே நம்புவேன், ஊகத்தை ஏற்க மாட்டேன் என்கிற பூதவாதியிடம், அப்படியானால் உன் தாய் தந்தை யாரென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு மடக்குகிறாள். பாடம் கேட்பதற்கு முன்பே அந்த மாணவிக்கு எதிர்ச்சான்று தேடும் புத்தி இருக்கிறது.

பிறகு காஞ்சி. பஞ்சத்தில் வாடும் ஊர். அமுதசுரபியோடு வந்து முதலில் சோறு போடுகிறாள், அதற்குப் பிறகுதான் படிப்பு. பௌத்தத் துறவி அறவண அடிகள் முன்னால் அவள் வேடத்தில் இல்லை, தன் சொந்த உருவில் நிற்கிறாள். வஞ்சியில் பூண்ட அந்த வேற்றுருவைப் போலவே அங்கே கேட்ட கொள்கைகளையும் மனத்தில் வைக்கவில்லை, உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாள். அடிகள் தம் சமயக் கொள்கையை எடுத்த எடுப்பில் ஓதவில்லை. அறியும் வழி எத்தனை என்பதிலிருந்து தொடங்குகிறார். திக்நாகரைப் போலவே, நேரே காண்பதும் கருதி அறிவதும் என்று இரண்டே வழிதான் என்கிறார். பக்கம் (நிறுவ வந்த கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று உறுப்புகளைச் சொல்கிறார். காரணத்துக்கு வேண்டிய மூன்று இலக்கணத்தைச் சொல்கிறார். அப்புறம் போலிகள், அதாவது அந்தப் பிழைகள். என் தாய் மலடி என்பவன் பேச்சைப்போலத் தன்னையே வெட்டிக்கொள்ளும் கூற்று. காதுக்கு ஒலி கேட்காது என்பதுபோலக் கண்கூடானதோடு மோதும் கூற்று. பேசுகிற இருவரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மறுபடி நிறுவப் பார்க்கும் வீண் கூற்று. பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று ஒவ்வொன்றும் எடுத்துக்காட்டோடு போகிறது. இவற்றால் மெய்யும் பொய்யும் பிரித்து அறிந்துகொள் என்று அவளிடம் விட்டுவிடுகிறார். பௌத்தத்தின் மையக் கொள்கை அடுத்த காதையில்தான் வருகிறது. என் கொள்கையை ஏற்பதற்கு முன்னால் கொள்கைகளைச் சோதிக்கும் கருவியைப் பிடி என்று ஓர் ஆசிரியர் கொடுப்பது எந்தக் காலத்திலும் துணிச்சலான செயல். அந்தக் கருவி அவர் சொல்லப்போவதன்மேலும் பாயும்.

இலக்கியமாகப் பார்த்தால் 29ஆம் காதை வறண்டது என்று பலர் குறை சொல்வார்கள். கதை அங்கே நகராதுதான். உ.வே. சாமிநாதையர் இந்தக் காப்பியத்தை 1898இல் பதிப்பித்தபோது, பௌத்தம் தெரிந்தவர் தமிழ்நாட்டில் கிடைக்காமல் பட்ட பாடு அவர் எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்ல, இவர் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். காஞ்சியில் பௌத்தப் பள்ளிகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தமிழில் எழுதப்பட்டிருந்தும் பாடம் சொல்ல ஆளில்லாத பாடமாக அது கிடந்தது.

இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் எடுப்பார்களா? பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. அதற்கும் மூன்றாவது கேள்வியைப் போட்டுப் பார்ப்பதுதான் முறை. இங்கிலாந்தில் ‘குழந்தைகளுக்கான தத்துவம்’ என்ற பெயரில், வகுப்பில் கேள்வி எழுப்பிக் காரணம் காட்டிக் கலந்து பேசும் பயிற்சி தொடக்கப் பள்ளிகளில் நடந்தது. 48 பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தபோது, வாசிப்பிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மாதப் படிப்பு முன்னே போயிருந்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பின்னர் இன்னும் பெரிய அளவில் நடத்திப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. முதல் செய்தியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இன்றும் உண்டு. அது அரைக் காரணம்.

என் கணிப்பு இது. வாரம் ஒரு பீரியட் ‘சிந்தனைத் திறன்’ என்று தனி வகுப்பு வைத்து, எந்தப் பாடத்தோடும் ஒட்டாமல் நடத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஏன் என்பதற்கு ஏதுச் சக்கரத்திலேயே விடை இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல, முடிவு பொருந்தாத இடங்கள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும். போலி ஜரிகை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாதவருக்கு, சிவப்பு நூல் போதிய சான்று ஆகாது என்பது தோன்றாது. வௌவால் பறக்கும், நெருப்புக்கோழி பறக்காது என்று தெரியாத பிள்ளை, ‘இது பறக்கிறது, ஆகவே பறவை’ என்பதை எப்படி உடைக்கும்? விவரம் தெரியாமல் விமர்சனம் வராது. ஆகவே மனப்பாடத்தைத் திட்டுவோர் வரிசையில் நான் நிற்கவில்லை. கடிகையிலும் நாளந்தாவிலும் படித்தவர்கள் மலைமலையாக மனப்பாடம் செய்தவர்கள். மனப்பாடம் செய்ததை எடுத்து வைத்துச் சோதிக்கும் இரண்டாவது வேலையும் அங்கே இருந்தது. நம்மிடம் அறுந்து நிற்பது அதுதான்.

அறுந்து நிற்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 15 வயது மாணவர்கள் படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 இடங்களில் நமக்குக் கிடைத்த இடம் கடைசி வரிசை. அடுத்து வந்த நான்கு சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. நம் பிள்ளைகள் மக்குகள் என்று அது காட்டவில்லை. அந்த வகைக் கேள்வியை அவர்கள் பார்த்ததில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் சிந்திக்கவைக்கும் வினாக்கள் கூடியிருக்கின்றன, நல்ல மாற்றம். ஆனால் வினா புத்தகத்தில் இருப்பது வேறு, அதை வகுப்பில் உரக்கப் பேசி உடைப்பது வேறு. ‘காரணம் கூறுக’ என்ற கேள்விக்குக்கூட வழிகாட்டி நூலிலிருந்து காரணத்தை மனப்பாடம் செய்யும் வழக்கம் இருக்கும்வரை, வினாவின் வடிவம் மட்டும் மாறி என்ன பயன்?

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் மணிமேகலை இருக்கிறது. விழாவறை காதை. புகாரில் இந்திர விழாவுக்கு முரசறையும் பகுதி. தத்தம் சமயப் பொருளை வாதிப்பவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று அந்த அறிவிப்பில் வருவதை மாணவர்கள் படிக்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். ஏறியவர்கள் எந்த முறையில் வாதிட வேண்டும் என்பது அதே நூலின் பின்பகுதியில், காஞ்சியில் நடக்கும் பாடமாக இருக்கிறது. அதை மாணவர்களிடம் கொண்டுபோக ஒரு பக்க எளிய உரைநடை போதும். 33 போலிகளில் எட்டோ பத்தோ போதும்.

காஞ்சிபுரத்தில் தறி உள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்கும் ஏதாவது ஒரு பள்ளியில், ஒரு தமிழாசிரியரும் ஓர் அறிவியலாசிரியரும் சேர்ந்தால் இதைத் தொடங்கிவிடலாம். பாடத்தைவிட்டு விலக வேண்டியதில்லை. அன்றன்று நடத்திய பாடத்திலிருந்தே ஒரு கூற்றை ஆசிரியர் பலகையில் எழுதட்டும். வகுப்பில் ஒரு பாதி காரணம் சொல்லட்டும். மறுபாதி, அந்தக் காரணம் இருந்தும் முடிவு பொருந்தாத இடம் ஒன்றைப் புத்தகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ கண்டுபிடித்துக் கொண்டுவரட்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால், காரணம் சொன்னவர்கள் அதைத் திருத்தி மறுநாள் மறுபடி எழுதட்டும். காரணம் சொன்னதற்கு ஒரு மதிப்பெண், எதிர்ச்சான்று கொண்டுவந்ததற்கு இரண்டு, திருத்தி எழுதியதற்கு மூன்று.